உனக்கும் சேர்த்துப் பாடுகிறோம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றப்பட்ட உரை)



"இக்கட்டான காலங்களில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி" என்று பேசும்படி செயற்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைப் பார்த்ததும் மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேதபாடத்தில் நான் எடுத்த புள்ளிகளை இங்கே இருக்கும் என் வகுப்புத் தோழிகள் மறந்திருக்கமாட்டார்கள். "எப்படி" என்று சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் விசுவாசத்தை ஏறக்குறைய இழந்துவிட்ட ஒரு பெண்ணை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர் என் தாயார். அவரை யார் தாங்கினார்கள் என்பதையும் பார்த்தேன். அதைச் சொல்ல முடியும் என்று நினைத்துத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இந்த மண்டபத்தின் ஜன்னல் வழியாகத் தெரியும் மலையை நாம் எத்தனை காலைக் கூட்டங்களில் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்! 121ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லும்போது நம் கண் தானாகவே அந்தப் பக்கம் போகும். பாதி நாள் பனிமூட்டத்தில் மலையே தெரியாது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலா வருகிறவர்கள் இந்த மலைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். லயத்தில் பிறந்த எங்களுக்கு மலை என்றால் வேறு அர்த்தம். "இன்னைக்கி எத்தனாம் நம்பர் மலை?" என்று காலையில் பிரட்டுக்களத்தில் கேட்பார்கள். மலை என்றால் வேலை. வழுக்கும் படி, அட்டைக்கடி, நனைந்த படங்கு, முதுகில் கூடை. அந்தச் சங்கீதக்காரன் மலையைப் பார்த்து முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறான், உதவி எங்கிருந்து வரும் என்று. மலையிலிருந்து வரும் என்று அவன் சொல்லவில்லை. மலையை உண்டாக்கினவரிடமிருந்து வரும் என்கிறான். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் எங்கள் ஆட்கள் இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் சரித்திரம் சொல்லவேண்டும். காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைப் பக்கம் நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1854ஆம் ஆண்டு "தமிழ் கூலி மிஷன்" என்ற பெயரில் தோட்டங்களில் ஊழியம் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டந்தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து வேதம் வாசித்துக் காட்டினார்கள். அந்த ஊழியத்துக்குத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவளும் துரையும் ஒரே ஆலயத்துக்குள் வந்தாலும் ஒரே வாங்கில் உட்காரவில்லை. "கூலி" என்ற சொல்லை மிஷனின் பெயரிலிருந்து எடுக்கவே வெகுகாலம் சென்றது. ஆனால், அடிமைப்பட்ட ஜனத்தின் கூக்குரலைக் கேட்ட தேவனைப் பற்றி யாத்திராகமத்தில் எழுதியிருக்கிறதே, அது எங்கள் ஆட்களின் காதில் விழுந்தது. ஒருமுறை காதில் விழுந்ததை யாராலும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுதந்திரம் கிடைத்த வருடமே எங்களுக்குச் சோதனை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பிறகு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்தார்கள். இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில்தான் 1973, 1974 பஞ்சம் வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மாவும் அரிசியும் பங்கீட்டு அளவுக்குச் சுருங்கின. அரிசியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தவர்கள் மரவள்ளி நட்டார்கள். லயத்துக்காரனுக்கு ஏது நிலம்? கோதுமை மாவு ரொட்டிதான் எங்கள் உயிர். அதுவும் இல்லாமற் போனபோது கீரையை அவித்து உப்புப்போட்டுத் தின்றோம். தோட்டங்களில் சாவு கூடியது. ஹட்டன் கடைவீதியில் குடும்பம் குடும்பமாகக் கை நீட்டினவர்களை, இங்கே இருக்கும் மூத்த அக்காமார் கண்ணால் கண்டிருப்பீர்கள்.

அந்த வருடம்தான் நான் இந்தப் பாடசாலைக்கு வந்தேன். எங்கள் தோட்டத்து உபதேசியார் என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து போடிங்கில் சேர்த்தார். எனக்கு வயது பதினொன்று. இங்கேயும் சாப்பாடு குறைவுதான். ஆனாலும் மூன்று வேளை மணியடிக்கும். மணியடித்தால் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும். ஓகஸ்ட் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. என்னைப் பார்த்து எழுந்துவர அவனால் முடியவில்லை. ஒரு வாரத்தில் வயிற்றோட்டம் கண்டது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வரும் வழியில், அம்மாவின் தோளிலேயே போய்விட்டான். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அவன் தலை சாய்ந்ததை நான்தான் முதலில் கண்டேன். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

அம்மா நன்றாகப் பாடுவார். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் கீர்த்தனைகள் நூற்றுக்கு மேல் மனப்பாடம். எங்கள் சின்ன ஆலயத்தில் ஆர்மோனியம் இல்லை. அம்மா தொடங்கினால்தான் சபை பாடும். தம்பியை அடக்கம்பண்ணிய அடுத்த ஞாயிறு உபதேசியார் பாட்டைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு முன்வாங்கை விட்டுக் கடைசி வாங்குக்குப் போய் உட்காரத் தொடங்கினார். வீட்டில் இரவு ஜெபம் நின்றுவிட்டது. அப்பா ஒருநாள், "நீயே இப்பிடி இருந்தா புள்ளைங்க என்னத்தக் கத்துக்குங்க?" என்று சத்தம்போட்டார். அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

ஒரு சாயந்தரம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். புத்தி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவோரம் நின்றேன். அம்மா அவருக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, எனக்குப் பாட வரலிங்க. வாயத் தொறந்தா ஆண்டவரைத் திட்டிப்புடுவேனோன்னு பயமா இருக்கு."

உபதேசியார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாடலைன்னாப் பரவால்ல தாயி. நீ வந்து சும்மா ஒக்காரு. நாங்க ஒனக்கும் சேத்துப் பாடுறோம்."

அவ்வளவுதான். வசனம் சொல்லவில்லை. தேவ சித்தம் என்று சொல்லவில்லை. பிள்ளை பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவரே பாட்டைத் தொடங்கினார். அவருக்குச் சுருதியே நிற்காது. சபையும் கோணல்மாணலாகப் பாடியது. அம்மா கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் அடுத்த காம்பரா அக்கா மாரியம்மன் கோயிலுக்கு விரதம் பிடிக்கிறவர். அந்த ஒரு வருடமும் அவர் வீட்டில் மாவு பிசைந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு ரொட்டி வரும். அவருடைய பிள்ளைகளுக்கே பற்றாத நாட்களிலும் பாதி ரொட்டி வந்தது. அம்மா பின்னாளில் அடிக்கடி சொல்வார்: "உபதேசியார் பாட்டுப் பாடுனாரு, அக்கா ரொட்டி குடுத்துச்சி. ரெண்டும் ஒரே கையிலயிருந்துதான் வந்துச்சின்னு எனக்குப் பொறவுதான் தெரிஞ்சிச்சி."

அம்மா மறுபடி பாடியது ஒரு பண்டிகையிலோ ஒரு கூட்டத்திலோ அல்ல. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, மழை நாள், ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். உபதேசியார் இரண்டாவது அடியில் தடம்மாறி நின்றுவிட்டார். கடைசி வாங்கிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியாரும் திரும்பவில்லை. பாட்டு முடிந்தது, ஜெபம் தொடர்ந்தது. அப்படித் திரும்பிப் பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

பிறகு நான் ஆசிரியையாகி வேதாகமத்தை நிதானமாகப் படித்தபோது, அம்மாவின் மௌனத்துக்கும் அதில் இடமிருக்கக் கண்டேன். சங்கீதங்களில் புலம்பல்கள் பல உண்டு. பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் முடிவுக்குள் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரியைக் கடைசியில் ஒட்டிவைக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதை அப்படியே சபையின் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துவைத்தார்கள். ஏன்? அந்த இருளில் இருப்பவனும் தேவனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆண்டவரைத் திட்டிவிடுவேனோ என்று பயந்த என் அம்மாவும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்ததே அந்த வருடம் அவருடைய ஜெபம்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த இக்கட்டு 1979ஆம் ஆண்டு வந்தது. பெரியப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்; எங்கள் அப்பா இலங்கைக்கு. ஒரே லயத்தில் பிறந்த அக்காளும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். பெரியம்மா குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் "அழுகைக் கோச்சி" என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பாடசாலைச் சீருடையோடு மேடையில் நின்றேன். ரயில் நகரும்போது பெரியம்மா ஜன்னல் வழியாக அம்மாவின் கையை விடவில்லை. அம்மா கூடவே ஓடினார். மேடை முடியும் இடத்தில்தான் கை பிரிந்தது. இருவரும் அதன்பின் சந்திக்கவே இல்லை.

அன்று இரவு எனக்கு வந்த கோபத்தை மறைக்கமாட்டேன். நகோமியின் கதையை அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தோம். பஞ்சத்தில் நாடுவிட்டு நாடு போனவள், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள். ஊருக்குள் வந்ததும், இனி என்னை நகோமி என்று கூப்பிடவேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்கிறாள். சர்வவல்லவர்தான் தனக்கு இதைச் செய்தார் என்று ஊரறியச் சொல்கிறாள். அதற்காக வேதம் அவளைத் தண்டிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை.

ரூத்தின் புத்தகத்தை நீங்கள் வீட்டுக்குப் போய் மறுபடி வாசியுங்கள், நான்கே அதிகாரம். தேவதூதன் வரவில்லை. வானத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. அற்புதம் என்று ஒன்று நடக்கவில்லை. ஒரு மருமகள் மாமியாரை விட்டுப் போக மறுக்கிறாள். அவள் மோவாபியப் பெண், அந்நிய தேசத்தாள். விடிந்ததும் வயலுக்குப் போய், அறுப்பவர் விட்ட கதிரைக் குனிந்து குனிந்து பொறுக்குகிறாள். நம் பெண்கள் செய்கிற அதே வேலை, அதே முதுகுவலி. ஒருநாள் முந்தானையில் ஆறு படி வாற்கோதுமையோடு வீட்டுக்கு வருகிறாள். நகோமியின் கசப்புக்குத் தேவன் கொடுத்த பதில் அந்த மருமகளும் அந்த வாற்கோதுமையும்தான். கடைசியில் பிள்ளை பிறந்தபோது பெயர் வைத்தவர்கள் யார் தெரியுமா? அக்கம்பக்கத்துப் பெண்கள்! அடுத்த காம்பரா அக்காமார்!

பெரியம்மா குடும்பம் நீலகிரிப் பக்கம் கூடலூரில் போய்ச் சேர்ந்தது. தாயகம் திரும்புகிறவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. "டேன்டீ" என்பார்கள். மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். இங்கே எங்களை "இந்தியாக்காரர்" என்றார்கள். அங்கே அவர்களைச் "சிலோன்காரர்" என்றார்கள். பெரியம்மா முதல் கடிதத்தில் எழுதச் சொன்ன செய்தி இதுதான்: இங்கே எங்களைப் போல் வந்த நாலு குடும்பம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுகிறோம், நம் ஊர் ராகத்தில்தான் பாடுகிறோம், நீ பாடுகிற நேரமும் அதுதானே. வருடக்கணக்காக அக்காளும் தங்கையும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாடினார்கள்.

திருச்சபை எப்போதும் சரியாக நடந்துகொண்டது என்று நான் சொல்லவரவில்லை. வாய்மூடி இருந்த காலங்கள் உண்டு. ஆனால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் "சத்தியோதயம்" என்ற நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் இருந்து, தோட்டத்து மக்களின் பசியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசினார்கள், எழுதினார்கள். 1983 ஜூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, கதவைத் திறந்து தமிழரை உள்ளே எடுத்த சிங்களக் குடும்பங்களையும் நாம் அறிவோம். நம்மில் சிலர் உயிரோடு இங்கே அமர்ந்திருப்பது அந்தக் கதவுகளால்தான்.

இப்போது என் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நானே அதை மறந்தேன். நான் படிப்பித்த பிள்ளை ஒருத்திக்குத் தாய் இறந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவள் வகுப்புக்கு வந்தபோது நான் அவள் தலையில் கை வைத்து, "எல்லாம் தேவ சித்தம் மகள்" என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கதவு ஒன்று மூடுவதுபோல் இருந்தது. பிறகு என்னிடம் அவள் எதையும் சொன்னதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். ஆனால் அது அவளுக்கான வார்த்தை அல்ல. அவள் அழுவதைப் பார்க்க முடியாத எனக்கான வார்த்தை. மகளே, இந்த மலர் உன் கையில் கிடைத்தால், டீச்சரை மன்னித்துக்கொள். அன்று நான் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்.

என் முறையும் வந்தது. 2022ஆம் ஆண்டை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பெட்ரோல் வரிசை, காஸ் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. மாவு விலை ஏறியபோது லயங்களில் மறுபடியும் ரொட்டி சிறுத்தது. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை இரத்தம் சுத்திகரிக்கவேண்டியிருந்தது. வாகனம் கிடைக்காத நாட்களில் போக முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் அவர் காலமானார். அதன்பின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நிற்பேன், ஒன்றும் வராது. பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். ஐம்பது வருட விசுவாசம் எங்கே போயிற்று என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆலயத்தில் என்னைச் செயற்குழுவில் வைத்திருக்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வேன்?

போடிங்கில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் இப்போது டொரண்டோவில் இருக்கிறாள். செய்தி கேட்டு அழைத்தாள். நான் மறைக்காமல் சொன்னேன்: "எனக்கு ஜெபம் வரவில்லையடி." அம்மாவின் கதையை நான் அவளுக்கு எப்போதோ ஒரு இரவு, விளக்கணைத்த பிறகு சொல்லியிருந்திருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. அவள் மறக்கவில்லை. "அப்ப நான் உனக்கும் சேர்த்துச் சொல்றன்; நீ போனைக் காதில வச்சுக்கொண்டு சும்மா இரு" என்றாள். அன்றிலிருந்து தினமும் எனக்கு இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். அவளுக்கு அது வேலைத்தலத்தில் மதியத்துக்கு முந்திய நேரம். படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாளாம். பரமண்டல ஜெபம் சொல்வாள், "நித்திரை கொள்" என்பாள், வைத்துவிடுவாள். மூன்று நிமிடம்கூட வராது. ஏழு மாதம் அப்படிச் செய்தாள். ஒருநாள் அவளோடு சேர்ந்து நானும் "ஆமென்" சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "நித்திரை கொள்" என்று வைத்துவிட்டாள்.

சகோதரிகளே, என் கணவர் ஏன் போனார், என் தம்பி ஏன் போனான், அக்காளையும் தங்கையையும் ஏன் பிரித்தார்கள் என்பதற்கு இன்றும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை நான் நம்புவதுமில்லை. சிலவற்றுக்குப் பதில் தேவனிடம் கேட்கவேண்டியதில்லை. சட்டம் எழுதினவர்களிடமும் மாவுக்கு வரிசை உண்டாக்கினவர்களிடமும் கேட்கவேண்டும். அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. விசுவாசம் என்பது ஒவ்வொருவரும் தன் தலையில் தனியாகச் சுமக்கிற கூடை அல்ல. ஒருத்தியின் கூடை கனத்தால் அடுத்த நிரைக்காரி இரண்டு பிடி கொழுந்தைத் தன் கூடையில் வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள். விசுவாசமும் அப்படித்தான். என்னால் நம்ப முடியாத நாளில் நீ எனக்காக நம்பு. உன்னால் முடியாத நாளில் நான் நம்புகிறேன். சபை என்ற ஒன்றை ஆண்டவர் எதற்காக வைத்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் பெரும்பாலும் நீங்கிற்று. 2023இல், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் மறுபடி நடந்தார்கள், இம்முறை தலைநிமிர்ந்து. ஆனால் லயம் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரியுமோ என்று தூங்காமல் இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். நம் பாடசாலைக்கு இன்றும் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு. ஆகவே இக்கட்டான காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி நன்றி கூற நாம் கூடவில்லை. அந்தக் காலத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் கைவிடாமல் நூறு வருடம் வந்திருக்கிறோம். அதற்குத்தான் இந்த நன்றி வழிபாடு.

உங்களிடம் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். லண்டன், மெல்பேர்ண், சென்னை, கொழும்பு, கூடலூர், எங்கே இருந்தாலும் சரி. இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் பழைய மாணவியரின் பெயர்கள் வருடவாரியாக இருக்கின்றன. உங்கள் வகுப்பைத் தேடிப் பாருங்கள். சங்கக் கூட்டத்துக்கு வராதவள், ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினவள், கடைசி வாங்குக்குப் போய்விட்டவள் ஒருத்தி அதில் இருப்பாள். அவளை அழைத்து உபதேசம் பண்ணவேண்டாம். ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். "நீ சும்மா இரு, உனக்கும் சேர்த்து நாங்கள் பாடுகிறோம்" என்று சொல்லுங்கள். ரொட்டி தேவையென்றால் ரொட்டியும் அனுப்புங்கள்.

அந்தக் கடைசி வாங்கில் இன்று இருப்பது நீங்களேயானால் பயப்படவேண்டாம். எழுந்து போகாமல் இருங்கள், அது போதும். பாட்டு நின்றுவிடாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மலைகளை உண்டாக்கினவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் இந்தப் பாடசாலையையும் காப்பாராக.